இருக்கிற எழுத்தை எப்படிப் படிக்காமல் விடுவது?

சிதம்பரத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்



இந்த அறக்கட்டளையை நிறுவியவர் பள்ளிக்கூடத்தில் நாற்பது ஆண்டுக்கு மேல் ஆங்கிலம் நடத்திய ஆசிரியர். தம் பெயர் எங்கும் வரக் கூடாது என்று எழுதிவைத்துவிட்டுப் போனவர். அந்த விருப்பத்துக்குக் கட்டுப்பட்டு நானும் பெயரைச் சொல்லவில்லை. அவர் வகுப்பில் உட்காரும் பேறு எனக்குக் கிடைக்கவில்லை. உட்கார்ந்தவர்கள் ஒன்று சொல்வார்கள்: பையன் ஒரு சொல்லைத் தவறாகப் படித்தால் “எந்த ஊருடா நீ?” என்று கேட்கமாட்டாராம், “எந்த எழுத்துல தடுக்குச்சு?” என்று கேட்பாராம். இந்த இரண்டு கேள்விக்கும் நடுவில் உள்ள தூரத்தைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

முதலில் என் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

1990களின் நடுவில் கடலூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் ஆங்கிலம் நடத்திக்கொண்டிருந்தேன். முதலாண்டு பி.காம். வகுப்பு. ஆளுக்கு ஒரு பத்தியாக உரக்கப் படிக்கச் சொல்வது என் வழக்கம். கடைசிக்கு முந்தைய பெஞ்சிலிருந்து ஒரு மாணவி எழுந்தார். கடற்கரைக் குப்பத்திலிருந்து வருகிறவர். பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ் மீடியம். தட்டுத்தடுமாறாமல்தான் படித்துக்கொண்டு வந்தார். கடன் என்று பொருள்படும் அந்த நான்கெழுத்துச் சொல் வந்தது. ‘டெட்’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் ‘டெப்ட்’ என்றார், நடுவில் இருக்கும் ‘பி’யை விடாமல், அழுத்தந்திருத்தமாக. முன்பெஞ்சுகளில் கொல்லென்று சிரிப்பு எழுந்தது. நான் அதட்டியிருக்க வேண்டும். நானும் சிரித்தேன். அடுத்த பத்தியை வேறொருவரைப் படிக்கச் சொன்னேன். அவர் எப்போது உட்கார்ந்தார் என்றுகூட நான் பார்க்கவில்லை.

அதற்கப்புறம் நான்கு நாள் அவர் வகுப்புக்கு வரவில்லை.

சனிக்கிழமை விடிகாலையில் கடலூர் ஓ.டி. துறைமுகத்துக்குப் போனேன். ஓல்டு டவுன் என்பதன் சுருக்கம் அது. எழுத்தில் முதுநகர், எங்கள் வாயில் ‘ஓட்டி’. விசைப்படகுகள் கரை சேர்ந்திருந்த நேரம். சங்கராவும் வஞ்சிரமும் சிமெண்டுத் தரையில் குவியல் குவியலாகக் கிடந்தன. சுற்றி நின்ற பெண்கள் விலையை ஏற்றிக்கொண்டே போனார்கள். அந்த மாணவி அம்மாவுக்குப் பக்கத்தில், கவிழ்த்துப்போட்ட ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்து, யார் எவ்வளவு எடுத்தார்கள், யார் எவ்வளவு பாக்கி என்று நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். கடன் கணக்கு.

“என்னா சார், நீங்களே மீனு வாங்க வந்துட்டீங்க?” என்றார் அம்மா. மகள் எழுந்து நின்றார்.

“ஏம்மா வகுப்புக்கு வரல?”

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு நோட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: “தப்புன்னா தப்புன்னு சொல்லிக் குடுங்க சார், கத்துக்கறேன். ஆனா எழுத்து அங்க இருக்கே சார். இருக்கற எழுத்த எப்புடி சார் படிக்காம வுடறது?”

ஆங்கிலத்தில் இரண்டு பட்டம் வாங்கியிருந்த எனக்கு அந்த ஐஸ் பெட்டி முன்னால் நின்று சொல்ல ஒரு பதிலும் இருக்கவில்லை. “திங்கட்கிழமை வாம்மா, நான் சொல்றேன்” என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். இரண்டு நாள் தேடிப் படித்தபோது தெரிந்துகொண்டதுதான் என் பிற்கால வேலைக்கெல்லாம் அடிப்படை.

அந்தச் சொல்லில் ஆதியில் ‘பி’ கிடையாது. பிரெஞ்சிலிருந்து ‘டெட்’ என்ற ஒலியோடு ஆங்கிலத்துக்கு வந்த சொல் அது; வந்தபடியே, ‘பி’ இல்லாமல், சில நூறு ஆண்டுகள் எழுதினார்கள். பிறகு லத்தீன் படித்த பண்டிதர்கள் ‘இதன் மூலம் டெபிட்டும் என்ற லத்தீன் சொல்லல்லவா’ என்று காட்டுவதற்காக ஒரு ‘பி’யைச் சொருகினார்கள். பதினாறாம் நூற்றாண்டில் அதுவே வழக்காகிவிட்டது. ரசீது என்ற பொருளில் வரும் ‘ரிசீட்’டில் ‘பி’ நுழைந்ததும் இதே வழியில்தான். தீவு என்ற சொல்லில் ‘எஸ்’ வந்தது இன்னும் மோசம்: அந்தச் சொல்லுக்கும் லத்தீனுக்கும் உறவே இல்லை, உறவு இருப்பதாக நினைத்துக்கொண்டு சேர்த்துவிட்டார்கள். ஆக, படித்தவன் தன் படிப்பைக் காட்ட ஓர் எழுத்தைப் போட்டான். அதை உச்சரிக்கக் கூடாது என்பது தெரிந்தவனுக்கு மட்டும் தெரிந்த சங்கதி ஆயிற்று. நானூறு ஆண்டு கழித்துக் கடலூரில் ஒரு மீனவப் பெண், எழுதியிருப்பதை நம்பிப் படித்ததற்காகத் தலைகுனிந்து உட்கார்ந்தார்.

தமிழ்ப் பிள்ளைக்கு எழுத்து என்றால் ஒலி. எழுதிவிட்டுச் சொல்லாமல் விடும் எழுத்து நம்மிடம் இல்லை. ‘அம்மா’ என்பதில் ஒரு புள்ளியைக்கூட நாம் சும்மா வைப்பதில்லை. அந்த நாணயத்தோடு ஆங்கிலத்துக்குப் போகிற பிள்ளை ‘ரிசீப்ட்’ என்றும் ‘பாம்ப்’ என்றும் ‘வெட்நெஸ்டே’ என்றும் படிக்கத்தான் செய்யும். வீட்டில் ஆங்கிலம் புழங்கும் பிள்ளை அந்தச் சொல்லைக் கண்ணால் பார்க்கும் முன்பே காதால் கேட்டுவிடுகிறது. புத்தகத்திலிருந்து மட்டுமே கற்ற பிள்ளைக்கு அந்த வாய்ப்பு இல்லை. இத்தகைய பிழை ஒரே ஒரு செய்தியைத்தான் சொல்கிறது: இந்தப் பிள்ளை வீட்டில் யாரும் இந்த மொழியைப் பேசவில்லை, இது தானாகப் படித்து இவ்வளவு தூரம் வந்திருக்கிறது. மரியாதை செய்ய வேண்டிய இடத்தில் நாம் சிரிக்கிறோம்.

இருக்கும் எழுத்தை விடாமல் படிப்பது ஒரு வகை. இல்லாத எழுத்தைச் சேர்ப்பது இன்னொரு வகை. ‘இஸ்கூல்’, ‘இஸ்டேஷன்’, ‘பஸ்ஸு’, ‘கேட்டு’. மேடை நாடகத்திலிருந்து சினிமா வரை கிராமத்தானைக் காட்ட வேண்டுமென்றால் போதும், ஓர் ‘இஸ்கூல்’ போட்டுவிடுவார்கள். அந்த இகரம் எங்கிருந்து வருகிறது? தொல்காப்பியத்தின் மொழிமரபு, தமிழ்ச்சொல் எந்த எழுத்தில் தொடங்கலாம், எதில் முடியலாம் என்று வரையறுக்கிறது. இரண்டு மெய் சேர்ந்து சொல்லுக்கு முதலில் வராது. வல்லின மெய் சொல்லுக்குக் கடைசியில் நிற்காது. ரகரமும் லகரமும்கூடத் தமிழில் சொல் தொடங்குவதில்லை. அதனால் வடசொல் தமிழுக்கு வரும்போது முன்னால் ஓர் உயிரைச் சேர்த்துக்கொள்ள நன்னூல் இடம் தருகிறது. இராமன், இலக்கம், உலோகம், அரங்கம் எல்லாம் அப்படி வந்தவை. ‘இராமன்’ என்று எழுதுகிறவரைப் புலவர் என்கிறோம். அதே விதியை நாக்கிலே வைத்துக்கொண்டு ‘இஸ்கூல்’ என்கிறவரை என்னவென்று அழைக்கிறோம்?

இங்கிருந்து வடக்கே புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் பள்ளிக்கூடத்தை ‘எக்கோல்’ என்றார்கள். லத்தீன் ‘ஸ்கோலா’வுக்கு முன்னால் ஓர் எகரத்தைச் சேர்த்து, பிறகு ஸகரத்தையும் தேய்த்துவிட்ட வடிவம் அது. ஸ்பானியர் ‘எஸ்குவேலா’ என்கிறார்கள். நம் கிராமத்துக் கிழவி செய்ததையேதான் பாரிஸும் மாட்ரிட்டும் செய்திருக்கின்றன.

அன்று துறைமுகத்தில் என் காதில் விழுந்த ‘ஏலம்’ என்ற சொல்லும் திரும்பி வரும் வழியெல்லாம் கூடவே வந்தது. போர்த்துக்கீசியரின் ‘லெய்லாவ்’ அது. முதல் லகரத்தை நாம் உதிர்த்துவிட்டோம். அவர்கள் சன்னலுக்குச் சொன்னது ‘ஜனேலா’, சாவிக்குச் சொன்னது ‘ஷாவெ’, அலமாரிக்கு ‘அர்மாரியு’. கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே, அவர்கள் ‘போர்ட்டோ நோவோ’ என்று பெயர் வைத்த பரங்கிப்பேட்டையில், இன்று ஒருவர் ‘சாவி’ என்று சொன்னால், போர்த்துக்கீசிய உச்சரிப்பு சரியில்லை என்று யாராவது திருத்துகிறார்களா? போர்த்துக்கீசியர் வேலை கொடுப்பதில்லை, நேர்முகத் தேர்வு நடத்துவதில்லை. அதனால் அந்தச் சொற்கள் நிம்மதியாகத் தமிழாகிவிட்டன. ஆங்கிலச் சொல்லைத் தமிழாக்கிச் சொன்னால் மட்டும் கூசுகிறோம் என்றால், கூச்சத்தின் காரணம் ஒலியில் இல்லை.

இதை மறுபக்கமிருந்தும் பார்க்க வேண்டும். 1690இல் கடலூரை ஒட்டிய தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராட்டியரிடமிருந்து ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனி விலைக்கு வாங்கியது. கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டு, குண்டு போய் விழும் தூரம்வரை உள்ள ஊர்களெல்லாம் தங்களுடையவை என்று எடுத்துக்கொண்டார்கள். குண்டு கிராமங்கள் என்று அவற்றுக்குப் பெயர். 1746இல் சென்னை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனபோது சில ஆண்டுகள் இந்தக் கடலூர்க் கோட்டைதான் ஆங்கிலேயருக்குத் தலைமையிடம். அந்தக் கணக்கேடுகளிலும் வரைபடங்களிலும் நம் ஊர்கள் என்ன பாடுபட்டன என்று பாருங்கள். தேவனாம்பட்டினம் ‘டெக்னபட்டம்’ ஆயிற்று. கடலூரின் பழைய பெயரான கூடலூர் ‘கட்டலோர்’ ஆயிற்று. சிதம்பரம் ‘சில்லம்பரம்’ ஆயிற்று. தரங்கம்பாடி ‘டிராங்க்பார்’ ஆயிற்று. தமிழ் என்ற பெயரில் உள்ள ழகரத்தையே அவர்களால் சொல்ல முடியவில்லை. அதற்காக எந்தக் கவர்னரும் வகுப்பில் நிற்கவைக்கப்படவில்லை. அவர்கள் வாயில் நுழையாதது வரைபடத்தில் ஏறி அரசாங்கப் பெயராக நிலைத்தது. நம் வாயில் நுழையாதது மார்க்கில் குறைந்தது. 2020 ஜூனில் தமிழ்நாடு அரசு 1,018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்தைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப மாற்றி ஆணையிட்டு, சில நாளிலேயே திரும்பப் பெற்றதே, நினைவிருக்கும். அவ்வளவு ஆழமாக அந்தப் பிழைகள் வேரோடியிருக்கின்றன.

நாமும் அவர்கள் பெயரைக் கையாண்டோம். கடலூரில் உள்ள கேப்பர் மலை ஓர் ஆங்கிலப் படை அதிகாரியின் பெயரைத் தாங்கியது. 1918இல் பாரதியார் சிறையிருந்த இடம். அந்தப் பெயரை மலைக்குப் பக்கத்தில் ஆடு மேய்க்கிறவர் சொல்லும் அழகு எந்த அகராதியிலும் கிடைக்காது.

இனிச் சாதிக்கு வருகிறேன். அதைத் தவிர்த்துவிட்டு இந்தப் பேச்சை முடித்தால் நான் பொய் சொன்னவன் ஆவேன். தமிழில் சாதிக்கு ஏற்பப் பேச்சு மாறுவதை ஜூல் பிளாக் என்ற பிரெஞ்சு அறிஞர் 1910லேயே எழுதினார். 1960களின் தொடக்கத்தில் வில்லியம் பிரைட்டும் நம் ஏ.கே. ராமானுஜனும் இதை இன்னும் நுணுக்கமாகப் பார்த்தார்கள். பிறமொழி ஒலிகளை அப்படியே வைத்துக்கொள்ளும் பழக்கம் பிராமணர் பேச்சில் கூடுதல் என்று காட்டினார்கள். எளிய உதாரணம், காலையில் குடிக்கும் பானம். ஒரு வீட்டில் ‘காஃபி’, பக்கத்துத் தெருவில் ‘காப்பி’. தலைமுறை தலைமுறையாகச் சமஸ்கிருதத்தின் கூட்டு மெய்களை ஓதிப் பழகிய நாக்குக்கு ‘ஸ்கூல்’ தடையில்லாமல் வரும். அந்த ஓதலுக்கு அருகே வரவே கூடாது என்று விலக்கிவைக்கப்பட்ட நாக்குக்கு ‘இஸ்கூல்’ தான் வரும். ஆங்கிலம் வருவதற்கு முன்பே ஓட்டப்பந்தயத்தில் கோடுகள் வெவ்வேறு இடத்தில் போடப்பட்டிருந்தன. ஆங்கில உச்சரிப்பு என்று நாம் மார்க் போட்டது பெரும்பாலும் அந்தப் பழைய கோட்டுக்குத்தான்.

இந்தச் சிதம்பரத்திலேயே இரண்டு பேரை நினைத்துப் பார்க்கலாம். 1935 முதல் 1940 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தவர் வி.எஸ். சீனிவாச சாஸ்திரியார். வலங்கைமானில் வசதியில்லாத வைதிகக் குடும்பத்தில் 1869இல் பிறந்தவர். இங்கிலாந்தில் படிக்காதவர், கும்பகோணம் கல்லூரிதான். பேரரசின் ‘வெள்ளி நாக்கு’ என்று ஆங்கிலேயரே பட்டம் சூட்டுமளவுக்குப் பேசினார். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா என்று போய், அங்கே குடியேறிய இந்தியர்களின் உரிமைக்காக அந்த நாக்கைப் பயன்படுத்தினார். அந்த உழைப்பின் முன் நான் தலை வணங்குகிறேன். ஒரு மனிதரின் அருமையான சாதனை அது. பின்னால் வந்தவர்கள் அதைப் பிரம்பாக்கிவிட்டார்கள் என்பதுதான் என் வருத்தம். ‘சாஸ்திரியார் நடந்த மண்ணில் இப்படியா ஆங்கிலம் பேசுவது’ என்று சொல்லக் கேட்டு வளர்ந்தது என் தலைமுறை.

இன்னொருவர் சுவாமி சகஜானந்தர். இந்தப் பல்கலைக்கழகம் 1929இல் எழுவதற்கு 13 ஆண்டு முன்னால், 1916இல், ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்காக இதே ஊரில் நந்தனார் பள்ளியைத் தொடங்கியவர். கோயிலுக்குள் நுழைய முடியாத நந்தனாரின் பெயரை, கோயில் இருக்கும் ஊரிலேயே, பள்ளிக்கூடத்துக்கு வைத்தார். அங்கே முதன்முதலாக எழுத்துக் கூட்டிய பிள்ளை எந்த ‘பி’யைச் சொன்னான், எதை விட்டான் என்பதா முக்கியம்? அவன் வாய் திறந்தான். அதுவரை திறக்க அனுமதியில்லாத வாய்.

அண்ணாமலைப் பல்கலைக்கழக வளாகத்தில் படித்துக்கொண்டிருந்த மாணவர் இராசேந்திரன் 1965 ஜனவரி 27 அன்று போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர்விட்டார். இந்தி மட்டுமே ஆட்சிமொழி ஆகக் கூடாது, ஆங்கிலம் தொடர வேண்டும் என்று கேட்டுப் போன ஊர்வலம் அது. 1967இல் ஆட்சிமொழிச் சட்டத்தைத் திருத்தி ஆங்கிலம் தொடர வழி செய்தார்கள். இந்த ஊரில் நிற்கும் அவர் சிலையைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு ஒரு நினைப்பு வரும். ஆங்கிலத்தை இந்த மண்ணில் வைத்திருக்க உயிர் கொடுத்தது ஒரு மாணவர். பின்னால் நின்றவர்கள் கிராமத்திலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த ஆயிரக்கணக்கான பிள்ளைகள். அவர்களில் எத்தனை பேர் ‘இஸ்டூடண்ட்’ என்று சொல்லியிருப்பார்கள்! அந்த ஆங்கிலம் அவர்களுடையது. இன்று அவர்களுடைய பேரப்பிள்ளைகளிடம் ‘உன் ஆங்கிலம் சரியில்லை’ என்று யார் சொல்வது?

சொல்கிறார்கள். அதற்கு ஒரு பெயரும் வைத்திருக்கிறார்கள். கேம்பஸ் இன்டர்வியூவுக்குப் போன மாணவர்களைக் கேளுங்கள், ‘எம்.டி.ஐ. இருக்குன்னுட்டாங்க சார்’ என்பார்கள். மதர் டங் இன்ஃப்ளுயன்ஸ். தாய்மொழியின் சாயல். ஏதோ நோய் கண்டுபிடித்ததுபோல மூன்றெழுத்தில் எழுதி அனுப்பிவிடுகிறார்கள். லண்டன்காரனின் ஆங்கிலத்திலும் அவன் தாயின் சாயல்தானே இருக்கிறது? அவன் தாய் யார் என்பதில்தான் வித்தியாசம்.

எங்கள் காலத்தில் ஆசிரியர் அறையில் வேதம்போல் இருந்தது டேனியல் ஜோன்ஸின் உச்சரிப்பு அகராதி. 1917இல் முதலில் வந்தது. யாருடைய பேச்சைப் பதிவு செய்கிறேன் என்று ஜோன்ஸ் நேர்மையாகச் சொல்லியிருந்தார்: பெரிய விடுதிப் பள்ளிகளில் படித்த தென் இங்கிலாந்து ஆண்களின் குடும்பப் பேச்சு. இங்கிலாந்திலேயே ஒரு சிறு கூட்டம். இங்கிலாந்தில் வாழ்ந்த பெரும்பாலோருக்கு வராத உச்சரிப்பை நாங்கள் குறிஞ்சிப்பாடியிலும் புவனகிரியிலும் எதிர்பார்த்தோம். அந்தச் சிறு கூட்டமும் தங்களுக்குள் எவ்வளவு வேலி போட்டுக்கொண்டிருந்தது என்பதை மொழியியலாளர் ஆலன் ராஸ் 1954இல் எழுதினார். எழுத்தாளர் நான்சி மிட்ஃபோர்டு அதை ஊரறியச் செய்தார். எந்தச் சொல்லைச் சொன்னால் மேல்தட்டு, எதைச் சொன்னால் இல்லை என்று ஒரு பட்டியலே இருந்தது.

எனக்குப் பிடித்தது மொழியியலாளர் வில்லியம் லபோவ் 1962இல் நியூயார்க்கில் செய்த ஆய்வு. மூன்று கடைகளுக்குப் போனார்: பணக்காரர் போகும் கடை, நடுத்தரக் கடை, மலிவுக் கடை. நான்காம் மாடியில் இருக்கும் ஒரு பொருள் எங்கே கிடைக்கும் என்று விற்பனையாளர்களைக் கேட்டார். ‘ஃபோர்த் ஃப்ளோர்’ என்று பதில் வர வேண்டும். அதில் ரகரத்தைச் சொல்கிறார்களா, விழுங்குகிறார்களா என்று குறித்துக்கொண்டார். கடை உயர உயர ரகரம் தெளிவாக ஒலித்தது. லண்டனிலோ தலைகீழ்: ரகரத்தை விழுங்கினால் உயர்குடி, உருட்டினால் நாட்டுப்புறம். அதே ரகரம்! ‘காரு’ என்று ரகரத்தைத் தெளிவாகச் சொல்லும் நம் ஆள் ஒரு நகரத்தில் சீமான், இன்னொன்றில் பட்டிக்காட்டான். ஒலிக்குப் பிறப்பில் உயர்வு தாழ்வு கிடையாது. அதைச் சொல்கிறவருக்கு இருக்கும் இடத்தை ஒலியின் தலையில் ஏற்றுகிறோம்.

நம் தமிழுக்குள்ளேயே இதற்குச் சான்று இருக்கிறது. நாம் ‘டாக்டர்’, ‘காலேஜ்’ என்கிறோம். ஈழத்தில் ‘டொக்டர்’, ‘கொலிஜ்’. நாம் ‘டொரண்டோ’ என்று எழுதும் ஊரை அவர்கள் ‘ரொறன்ரோ’ என்கிறார்கள். ஆங்கிலத்தின் ‘டி’ நாக்கு நுனி மேற்பல்லுக்குப் பின்னுள்ள மேட்டைத் தொட்டு வருவது. நம் டகரம் நாக்கு இன்னும் மடங்கி வருவது. நாம் அதை டகரமாகக் கேட்டோம், அவர்கள் றகரமாகவும் ரகரமாகவும் கேட்டார்கள். ஒரே தாய்மொழிக்காரர் இரண்டு பேர் ஒரே ஒலியை வெவ்வேறாகக் கேட்டு, இருவரும் நேர்மையாக எழுதியிருக்கிறார்கள். எது தப்பு?

ஈழம் என்றதும் சொல்லாமல் தாண்ட முடியாத ஒன்று. விவிலியத்தின் நியாயாதிபதிகள் நூலில், யோர்தான் துறையில் நின்று, கடக்க வந்தவர்களை ‘ஷிபோலேத்’ என்று சொல்லச் சொல்வார்கள். ஷகரம் வராமல் ‘சிபோலேத்’ என்றவரை வெட்டினார்கள். 42,000 பேர் என்கிறது அந்நூல். இது பழங்கதை என்று நாம் இருக்க முடியாது. 1983 ஜூலையில், தமிழருக்கு எதிரான வன்முறையின்போது, கொழும்பில் பேருந்துகளை மறித்து, வாளியைக் குறிக்கும் ‘பால்திய’ என்ற சிங்களச் சொல்லைச் சொல்லச் சொன்னதைப் பதிவு செய்திருக்கிறார்கள். அதன் முதலில் வரும் அதிர்வுள்ள பகரம் தமிழ் நாக்குக்குச் சொல்லின் முதலில் எளிதில் வராது. அந்த ஓர் எழுத்தில் உயிர் போயிற்று. வகுப்பறைச் சிரிப்பையும் அந்தக் கொலையையும் நான் ஒரே தராசில் வைக்கவில்லை. ஆனால் நாக்கைக் கேட்டு ஆளைப் பிரிக்கும் பழக்கம் எவ்வளவு தூரம் போகும் என்று தெரிந்த இனம் நாம். அந்தப் பழக்கத்தை நம் பிள்ளைகள்மேல் நாமே பழகலாமா?

அப்படியானால் உச்சரிப்பே கற்றுத்தர வேண்டாமா என்று இங்குள்ள ஆசிரியர்கள் கேட்பீர்கள். கட்டாயம் கற்றுத்தர வேண்டும். முப்பது ஆண்டு அதைத்தான் செய்தேன். எதைக் கற்றுத்தருவது என்பதில்தான் நாம் தவறினோம். இந்தியர் பேசும் ஆங்கிலம் கேட்பவருக்கு எங்கே புரியாமல் போகிறது என்று ஒலியியலாளர் ஆர்.கே. பன்சால் ஆராய்ந்து 1969இல் வெளியிட்டார். சொல்லில் அழுத்தம் இடம் மாறுவது முக்கியமான காரணமாகத் தெரிந்தது. ‘ஃபோட்டோகிராஃப்’ என்பதில் முதல் அசையில் அழுத்தம், ‘ஃபோட்டோகிராஃபர்’ என்பதில் இரண்டாவதில். தமிழில் அழுத்தம் பொருளை மாற்றுவதில்லை, ஆகவே இதை நாம் காதிலேயே வாங்குவதில்லை. இதைக் கையைத் தட்டித் தட்டிச் சொல்லிக்கொடுக்கலாம். ஒரு வாரத்தில் பிடித்துக்கொள்வார்கள். அடுத்தது, ஒரே பகரத்தாலும் ஒரே ககரத்தாலும் எழுதுவதால் ‘பேக்’ என்ற ஒலிக்குள் மூன்று ஆங்கிலச் சொற்களை அடைத்துவிடுகிறோம்: மூட்டை கட்டுவதும், பையும், முதுகும். தொண்டையில் கை வைத்து அதிர்வைத் தொட்டுப் பார்க்கச் சொன்னால் பிள்ளைகளுக்கு அது விளையாட்டு. குறில் நெடில் நம் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரவே வேண்டாம். ‘ஷிப்’, ‘ஷீப்’ வித்தியாசத்தில் திணறும் எத்தனையோ நாட்டவரைவிட நாம் மேல். புரிவதற்குத் தேவையானதில் உழையுங்கள். ‘யெம்.ஏ.’ என்பதில் வரும் யகரத்தையும் ‘ஹெச்’ என்பதில் வரும் ஹகரத்தையும் விட்டுவிடுங்கள். அதனால் யாருக்கும் எதுவும் புரியாமல் போனதில்லை. ‘ஹெச்’ என்பதை அயர்லாந்தில் தினமும் சொல்கிறார்கள். வட அயர்லாந்தில் அதை வைத்தே கத்தோலிக்கரா, புராட்டஸ்டண்டா என்று கண்டுகொள்வார்கள்.

மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை. வகுப்பில் தப்பாகப் பேசினால் சிரிக்கிறீர்கள். அதே பிள்ளை முட்டி மோதிக் கற்றுக்கொண்டு தெருவில் இரண்டு வாக்கியம் சரளமாகப் பேசினால், ‘பீட்டர் விடுறான்’ என்று அதற்கும் சிரிக்கிறீர்கள். உள்ளே ஓர் அடி, வெளியே ஓர் அடி. கான்வென்ட் பிள்ளை பேசும்போது பீட்டர் என்று சொல்ல உங்களுக்குத் தோன்றுவதில்லை. அவனுக்கு அது இயல்பு என்று விட்டுவிடுகிறீர்கள். உங்களில் ஒருவன் பேசும்போதுதான் அந்தச் சொல் வாயில் வருகிறது. வேண்டாம். தயவுசெய்து வேண்டாம்.

அந்தத் திங்கட்கிழமை அவர் வகுப்புக்கு வந்தார். கரும்பலகையில் அந்தச் சொல்லை எழுதி, ‘பி’ வந்த கதையை முழுவதும் சொன்னேன். எல்லார் முன்னாலும் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். பிறகு அதே பத்தியை அவரையே படிக்கச் சொன்னேன். அந்தச் சொல் வந்ததும் ஒரு கணம் நிறுத்தினார். ‘டெட்’ என்றார். மேலே படித்துக்கொண்டு போனார். இன்று அவர் ஓர் அரசுப் பள்ளியில் ஆசிரியர்.

கடைசியாக ஒரு விண்ணப்பம். இந்த அறக்கட்டளை ஆண்டுதோறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலப் பேச்சுப் போட்டி நடத்துகிறது. நடுவராகப் பல ஆண்டு இருந்திருக்கிறேன். மதிப்பெண் தாளில் ‘உச்சரிப்பு’ என்று ஒரு கட்டம், 100க்கு 20 மதிப்பெண். பரிசு யாருக்குப் போகும் என்பதைப் பெரும்பாலும் அந்தக் கட்டம்தான் தீர்மானித்தது. எந்தப் பள்ளிப் பிள்ளைக்கு அதில் எவ்வளவு விழும் என்பது அந்தப் பிள்ளை மேடை ஏறும் முன்பே எனக்குத் தெரியும். தெரிந்தும் போட்டிருக்கிறேன். புதிதாக ஒரு தாள் தயாரித்துக் கொண்டுவந்திருக்கிறேன். அந்தக் கட்டத்தில் ‘கடைசி வரிசைவரை புரிந்ததா?’ என்று எழுதியிருக்கிறேன். கடைசி வரிசையில் உட்கார்ந்து அதை நிரப்ப வேண்டியவர், அந்தப் போட்டியில் கலந்துகொள்ளாத ஒரு மாணவர். தாளை அறக்கட்டளைச் செயலாளர் அவர்களிடம் கொடுத்துவிட்டு அமர்கிறேன்.